அரிசிதான் என்று சொன்னேன்

கோதுமை என் உடம்புக்கு ஆகாது. இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க சிட்னி டாக்டர்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் நான் தேறாமல் கிடந்தேன். அதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முழுத் தெம்பு வரவில்லை. ஒரு பக்கம் எழுதினால் சற்றுப் படுத்து எழ வேண்டியிருக்கிறது. ஆனாலும் நம் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக இந்த நாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். வயிறு சரியில்லாமல் அவதிப்படும் யாருக்காவது இது உதவட்டும்.

நானும் என் கணவரும் சிட்னியின் புறநகரான பிளாக்டவுனில் குடியிருக்கிறோம். அவர் ரயில்வே பட்டறையில் இன்ஜினியர். நான் கணிதத்தில் எம்.எஸ்ஸி. அப்பாவுக்குச் சுண்ணாம்புக் காளவாசலில் வேலை, அம்மா தீப்பெட்டி ஒட்டினாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இங்கே வந்து, என் பட்டம் செல்லும் என்று ஒப்புக்கொள்ள வைத்து, ஒரு ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தபோது, ஊரில் அப்பா டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

வேலையில் சேர்ந்த பிறகுதான் பிரெட் தின்னத் தொடங்கினேன். காலையில் டோஸ்ட், மதியம் சாண்ட்விச், டீக்குப் பிஸ்கட். ஊரில் கோதுமை என்றால் காய்ச்சல்காரருக்குக் காய்ச்சும் கஞ்சி, அவ்வளவுதான். சில மாதத்தில் வயிறு உப்ப ஆரம்பித்தது. பிறகு பேதி. நிற்காத பேதி. ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. கரும்பலகையில் பாதிக் கணக்கை விட்டுவிட்டு நான் ஓட வேண்டியிருந்தது. பின்னால் பிள்ளைகள் சிரிப்பது காதில் விழும். அந்தச் சிரிப்புதான் வலியைவிட என்னை அதிகம் வாட்டியது.

பக்கத்து டாக்டர் புது நாடு, புதுத் தண்ணீர், மனக்கவலை என்றார். பிறகு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி. இந்தியாவிலிருந்து வந்தவள் என்றதும் முதலில் பூச்சி என்றார்கள், அடுத்துக் காச நோயோ என்று பார்த்தார்கள், அதற்கும் பிறகு வெப்ப நாடுகளில் வரும் ஏதோ குடல் நோய் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காத்திருப்பு அறை. எல்லா அறையிலும் அதே பழைய பத்திரிகைகள், கைபட்டுக் கைபட்டு முனை மடங்கியவை. ஒரு பத்திரிகையில் இருந்த கேக் செய்முறையை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் படித்துவிட்டேன்.

சோதனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் பயம் அதிகம். மலத்தைச் சில நாட்கள் முழுவதுமாக டப்பாக்களில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். சாப்பாட்டிலுள்ள கொழுப்பு உடம்பில் சேராமல் வெளியே போகிறதா என்று பார்ப்பதற்காக. சுண்ணாம்புக் குழம்பு போன்ற வெள்ளைத் திரவத்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்பாவின் கைகளில் எப்போதும் இருந்த வாசனை அந்தக் கோப்பையிலும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. கடைசியில் ஒரு சின்ன உலோகக் குமிழ். மெல்லிய குழாயின் நுனியில் கட்டியிருக்கும். அதை விழுங்கிவிட்டு வலப்பக்கமாகப் படுத்திருக்க வேண்டும். அது இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் போனதும் குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சுவார்கள். குமிழுக்குள் இருக்கும் குட்டிக் கத்தி குடலின் உட்பக்கத்தில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துக்கொள்ளும். வெட்டும்போது வலிக்கவே இல்லை. ஆனால் வாயோரம் குழாய் தொங்க, எச்சில் வழிய, பெரிய மனுஷி ஒருத்தி மணிக்கணக்கில் படுத்திருப்பது இருக்கிறதே, அது வேறு.

முடிவைச் சொன்ன பெரிய டாக்டர் நிதானமான மனிதர். குளியல் டவலைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். புது டவலில் நூல்கள் பொசுபொசுவென்று எழும்பி நிற்கும், அதனால்தான் ஈரத்தை உறிஞ்சுகிறது. குடலின் உட்புறமும் அப்படித்தான் இருக்க வேண்டும். உன்னுடையது தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, எதைச் சாப்பிட்டாலும் உறிஞ்சாமல் வழிந்து போகிறது என்றார். நோயின் பெயர் சீலியாக். கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுபடுகிறது அல்லவா, அந்த இழுவையைத் தரும் குளூட்டன் என்ற பொருள்தான் என் குடலைத் தேய்க்கிறது. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் அதே வகைப் பொருள் உண்டு. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் அவற்றைத் தொடக் கூடாது. ஓர் இந்தியப் பெண்ணிடம் இதை எதிர்பார்க்கவில்லை என்றும் சொன்னார், மன்னிப்புக் கேட்கிறவர் போல.

வீட்டுக்கு வரும் ரயிலில் என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். “சோறு திங்கச் சொல்றதுக்கா ஒரு வருஷம் ஆச்சு? எங்கம்மாகிட்டக் கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல சொல்லியிருக்குமே.”

எனக்கும் சிரிப்பு வந்தது. அது நிலைக்கவில்லை. இந்த நாட்டுக் கடைகளில் கோதுமை இல்லாததைத் தேடுவது லேசான காரியம் இல்லை. சூப், சாஸ், சாசேஜ் எல்லாவற்றிலும் எங்கேயோ மாவு ஒளிந்திருக்கிறது. மருந்துக் கடையில் டின்னில் அடைத்த ஒரு தனி பிரெட் விற்றார்கள். அட்டையைத் தண்ணீரில் நனைத்துத் தின்ற மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஹேமார்க்கெட்டில் இருக்கும் சீனக் கடைக்குப் போனேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் தூரம். வாசலிலேயே கருவாட்டு வாசனை. உள்ளே மூட்டை மூட்டையாக அரிசி, பாசிப்பயறு, ஜவ்வரிசி, அரிசி சேமியா, கண்ணாடி மாதிரி ஒரு சேமியா, பொட்டலம் பொட்டலமாக வெள்ளை மாவுகள். கால் கடுக்க நின்றேன். சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்தது. ஆனால் அந்த வெள்ளை மாவுப் பொட்டலங்களில் ஒன்று அரிசி, ஒன்று மரவள்ளி, ஒன்று கோதுமை. மூன்றும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, மேலே சீன எழுத்து. கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அவளுக்கும் எனக்கும் பொதுவான ஆங்கிலம் கொஞ்சம்தான். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் பொட்டலத்தைக் காட்டுவேன். அரிசி மாவு என்றால் அவள் மூட்டையிலிருந்து ஓர் அரிசியை எடுத்து அதன்மேல் வைப்பாள். இல்லை என்றால் என் கையைப் பிடித்துத் தள்ளிவிடுவாள். சோயா சாஸ் பாட்டிலைத் தொட்டபோது அப்படித்தான் தள்ளினாள். அதில் கோதுமை சேர்ப்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு முறையும், போன வாரம் வாங்கிய அதே பொட்டலம் என்றாலும், நான் கேட்காமல் எடுத்ததில்லை. அந்தக் கடையில் அவ்வளவு கவனமாக இருந்தேன்.

இனி யோகம் அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர்; ஆன்ட்டியை அங்கே அன்ரி என்பார்கள். எங்களுக்கு முன்பே வந்தவர். அடுத்த தெருவில் வீடு. அங்கிள் கணக்காளர், பிள்ளைகள் இல்லை. நான் நோயாளி என்று தெரிந்த நாளிலிருந்து மாலையானால் டிபன் கேரியரோடு வந்துவிடுவார். மேல் தட்டில் இடியப்பம், கீழே சொதி. சொதி என்பது தேங்காய்ப்பாலில் காரமில்லாமல் வைக்கும் குழம்பு, புண்பட்ட வயிற்றுக்கு இதமாக இருக்கும்.

“என்ன பிள்ளை, பாண் கூடாதாம் எண்டு கேள்விப்பட்டனான். நல்லதாப் போச்சு. வெள்ளைக்காரன்ர பாணைத் திண்டா ஆருக்குத்தான் வயிறு நிக்கும்? இந்தாரும், சாப்பிடும்.”

பாண் என்று அவர் சொன்னது பிரெட்டை. அன்ரியின் இடியப்பம் நான் அதுவரை தின்றதிலேயே மென்மையானது. எங்கள் பக்கம் இடியப்பம் ஆறினால் விறைத்துவிடும். இது இரவு வரைக்கும் பஞ்சு மாதிரி இருக்கும். கைப்பக்குவம் என்று அன்ரியிடமே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதன் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை.

சில வாரங்களில் தேறிவிடுவாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரங்கள் போயின. நான் தேறவில்லை. கால் வீங்கியது, தலைமுடி கொத்துக் கொத்தாக வந்தது, மாடிப்படி ஏற முடியவில்லை. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வார்டில் என் கட்டில் தலைமாட்டில் கோதுமை கொடுக்கக் கூடாது என்று ஓர் அட்டை மாட்டியிருந்தது. தட்டில் அவித்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, நடுங்கும் ஜெல்லி. பார்வை நேரத்தில் யோகம் அன்ரி ரயிலேறி வந்து, போர்வைக்குள் சுற்றிய கேரியரைத் திறப்பார். அவர் போன பிறகு ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, லேஸ் பின்னல் மாதிரி அழகாக இருக்கிறதே, என்ன இது என்று கேட்டாள். அரிசிதான் என்று சொன்னேன். எங்கள் நாட்டில் அரிசி மாவைப் பிழிந்து ஆவியில் வேகவைப்போம் என்று விளக்கமும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். சாப்பாட்டுப் பிரிவுப் பெண் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

ஊசி வழியாக இரும்புச் சத்தும் வைட்டமினும் ஏற்றினார்கள். எடை ஏறவில்லை. ஒரு காலை, மாணவ டாக்டர்கள் சூழ நிற்க, பெரிய டாக்டர் கேட்டார்: உண்மையைச் சொல், மறைவாக பிரெட் ஏதாவது சாப்பிடுகிறாயா? பலர் செய்வதுதான், கோபப்பட மாட்டேன்.

நான் படித்தவள், எனக்கு எது கூடாதென்று தெரியும் என்று சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

அன்று மாலை அன்ரி போன பிறகு, என் கணவர் கட்டில் விளிம்பைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார். “மல்லிகா, ஸ்கூல்ல எப்பவாச்சும் பிஸ்கட் கிஸ்கட்…”

“நீங்களுமா?”

“இல்லம்மா, ஞாபகமில்லாம…”

“போங்க. ரயிலுக்கு நேரமாச்சு.”

அவர் எழுந்து, என் கால்மாட்டுப் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். கால் சில்லிட்டுவிடும் என்று தினமும் அதைச் செய்வார். அன்று அதைக்கூட எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு டாக்டர் அந்த விஷயத்தைச் சொன்னார். உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தும் தேறாதவர்களுக்குச் சில நேரம் குடலில் வேறு ஏதாவது இருக்கலாம். கட்டி என்ற சொல்லை அவர் மிக மெதுவாகச் சொன்னார். வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். என் உடம்பு இருக்கும் நிலையில் அறுவையும் ஆபத்துதான். பார்க்காமல் விடுவதும் ஆபத்து. திங்கட்கிழமை என்று முடிவாயிற்று. வார இறுதிக்கு வீட்டுக்குப் போய் வா என்றார்கள். அம்மாவுக்கு எழுத வேண்டாம் என்று முடிவு செய்தேன். கடிதத்தை வேறு யாராவது படித்துக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தை யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சனிக்கிழமை என் கணவருக்குப் பட்டறையில் வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் சாப்பிட வீட்டில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று ஹேமார்க்கெட் போகக் கிளம்பினேன். தனியாக விட மாட்டேன் என்று அன்ரியும் கூட வந்தார். ஒரு கையால் என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தார். கடையில் சுற்றி நடக்க எனக்குத் தெம்பில்லை. பாசிப்பயறு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்ரிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் இருந்தது. எத்தனை மாலை, எத்தனை ரயில். திங்கட்கிழமைக்குப் பிறகு செய்ய முடிகிறதோ இல்லையோ. அலமாரியில் இருந்த அரிசி மாவுப் பொட்டலங்களை எல்லாம் கூடையில் போடச் சொன்னேன்.

“இவ்வளவும் ஏன் பிள்ளை?”

“உங்களுக்குத்தான் அன்ரி. தினமும் எனக்கு இடியப்பம் செய்றீங்க. மாவாவது நான் வாங்கித் தர்றேனே.”

அன்ரி சிரித்தார். “எனக்கேன் இந்தச் சீன அரிசிமா? இதைப் பிழிஞ்சா கட்டையாப் போகும். நான் கோதம்பமாவை அவிச்செல்லே செய்யிறனான். வீட்டில ஒரு மூட்டை கிடக்கு.”

கோதம்பமா என்றால் கோதுமை மாவு. சரியாகத்தான் கேட்டேனா என்று தெரியவில்லை.

“என்ன மாவு, அன்ரி?”

“கோதம்பமா. துணியில கட்டி நல்லா ஆவியில அவிச்சு, அரிச்சு எடுக்கவேணும். அப்பத்தான் பஞ்சு மாதிரி வரும். ஏன், உங்கட பக்கம் அப்பிடிச் செய்யிறேல்லையே?”

“எங்க பக்கம் இடியப்பம்னா அரிசிதான், அன்ரி.” என் குரல் எனக்கே கேட்கவில்லை. “ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்ததும் அதேதானா?”

“ஓம், ஓம். ஒரு நாளும் பழசு கொண்டு வரேல்ல பிள்ளை. எல்லாம் அண்டண்டைக்கு அவிச்சதுதான்.” அவர் குனிந்து என் கன்னத்தைத் தொட்டார். “என்ன முகம் வெளிறிப் போச்சு? தலை சுத்துதே?”

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இனிமேல் இடியப்பம் வேண்டாம், வாய்க்குப் பிடிக்கவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். டாக்டரிடம் சொன்னது எங்கள் தெருவுக்கு வராமல் இருக்காது. மூட்டைமேல் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

அன்ரி முதலில் நம்பவில்லை. பிறகு கூடையைத் தரையில் வைத்தார்.

“பாண் கூடாது எண்டுதானே சொன்னனீர். மா கூடாது எண்டு ஒருக்கால் சொன்னனீரே?”

“இல்ல அன்ரி.”

“குளூட்டன், குளூட்டன் எண்டு ஏதோ இங்கிலீசில விளங்கப்படுத்தினனீர். நானும் ஈஸ்ட்டைத்தான் சொல்லுறீராக்கும் எண்டு ஓம் எண்டனான். கோதம்பை எண்டு தமிழில சொல்லுறதுக்கென்ன?” கோபமாகத் தொடங்கிய குரல் நடுவிலேயே உடைந்தது. “நான் தந்த சாப்பாட்டுக்கே உம்மட வயித்தை வெட்டப் போறாங்கள்?”

கடைக்காரப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இரண்டு சின்னக் கிண்ணங்களில் டீ கொண்டுவந்து எங்கள் முன் வைத்தாள். அன்ரி தொடவில்லை. திரும்பும் ரயிலில் அவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார், ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னபோது என் குரல் உயரவில்லை. நான் கோதுமை சாப்பிட்டிருக்கிறேன், மாதக்கணக்கில், தினமும் என்று சொன்னேன். எவ்வளவு என்றார். கையைக் குவித்துக் காட்டினேன். அவர் முதல் தடவையாக என் கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தியைத் தள்ளிப்போடலாம் என்றார். கட்டி இல்லை என்று தான் சொல்லவில்லை, இப்போதுதான் சிகிச்சையே ஆரம்பிக்கிறது, இதிலும் தேறாவிட்டால் திறந்தே பார்க்க வேண்டும் என்றார். இத்தனை மாதப் பத்தியமும் வீண் என்று ஆகிவிட்டது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் தலையாட்டினேன்.

அதன் பிறகு வந்தது காத்திருப்பு மட்டும்தான். சோறு, பாசிப்பயறு, அரிசி சேமியா, வாழைப்பழம். மறுபடி சோறு. என் கணவர் பட்டறையிலிருந்து வந்து சமைத்தார், ஒவ்வொரு டப்பாவையும் என்னிடம் காட்டி, “இது ஓகேதானே டீச்சர்?” என்பார். முதலில் பேதி நின்றது. அதை நம்பவே பல நாள் ஆனது. பிறகு ஒரு காலையில் பசித்தது. பசி எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன்; வயிற்றில் மறுபடி ஏதோ கோளாறு என்றுதான் முதலில் பயந்தேன்.

யோகம் அன்ரி வரவில்லை. அங்கிளை ஸ்டேஷனில் பார்த்தபோது என் கணவர் விசாரித்தார். அவ சுகமாத்தான் இருக்கிறா என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிட்டாராம்.

மீண்டும் குமிழை விழுங்கினேன். மீண்டும் குழாய், எச்சில், வலப்பக்கம். போன வாரம் முடிவு வந்தது. டவலில் நூல் முளைக்கத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். கட்டிக்கான அடையாளம் எதுவும் இல்லை. அறுவை தேவையில்லை.

மறுநாள் பிற்பகல் நானே அடுத்த தெருவுக்கு நடந்து போனேன். வழியில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்த அன்ரி என் வயிற்றைத்தான் முதலில் பார்த்தார்.

“வெட்டவேண்டாமாம் அன்ரி. குடல் தேறுதாம்.”

அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே வாரும் என்று கை காட்டினார். சமையலறைக்குள் போனேன். மேசைமேல் ஹேமார்க்கெட் அரிசி மாவுப் பொட்டலங்கள், பிரித்ததும் பிரிக்காததுமாக. தட்டுத் தட்டாக இடியப்பம். சிலது உடைந்து குச்சி குச்சியாகக் கிடந்தது. சிலது ஒட்டிக்கொண்டு களியாகியிருந்தது.

“ஒவ்வொரு நாளும் செய்து பாக்கிறன்,” என்றார் அன்ரி. “வறுத்துப் பாத்தனான், கொதிதண்ணி விட்டுப் பாத்தனான். இன்னும் சரி வரேல்ல. சரி வந்தாப் பிறகு கொண்டு வருவம் எண்டுதான்…” ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். “நீர் பயப்படாதேயும். அந்தச் சீனப் பொம்பிளையை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேல அரிசி வைக்கச் சொன்னனான். நான் என்ர கண்ணால பாத்துத்தான் எடுத்தனான்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“போடுங்க அன்ரி.”

“இது கட்டை மாதிரி, பிள்ளை. நாளைக்கு நல்லாச் செய்து…”

“பரவாயில்ல, போடுங்க. பசிக்குது.”

வாயில் வைத்ததும் அது முறிந்தது. மென்று விழுங்க நேரம் பிடித்தது. வறட்டென்று தொண்டையில் நின்றது. அன்ரி எதிரே நின்று என் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொதியை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.